சிவப்புப் பொட்டு வச்ச மேகசின்

நில்லுங்க சார். அப்படியே நில்லுங்க. கேட்டுக்கு உள்ள கால வைக்கிறதுக்கு முந்தி யாரு, என்ன, எதுக்குன்னு சொல்லணும். மேனேஜரப் பாக்கணும்னா அவரு இன்னைக்கு வரல. பஞ்சு லோடு விஷயம்னா அது பின்னாடி கேட்டு. இந்தக் கேட்டுல என்னையக் கேக்காம ஒரு ஈ உள்ள போகாது.

என்னையவா? என்னையத் தேடியா வந்தீங்க?

அப்ப இன்னும் உஷாரா இருக்கணும் நான். என்னையத் தேடி யாரு வர்றா இந்த மில்லு வாசலுக்கு. அதுவும் நேரா வரல பாருங்க நீங்க. எதிர்த்த டீக்கடையில நின்னு ஒரு டீய எம்புட்டு நேரம் குடிச்சீங்க? நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு கண்ணு கிளாஸ் மேல, ஒரு கண்ணு என் மேல. கையில மஞ்சப் பை வேற. என்ன இருக்கு அதுல? பழமா? சரி, பைய விரிச்சுக் காட்டுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, இங்க எல்லாருக்கும் இதேதான்.

ஓ, கல்யாண விஷயமா விசாரிக்க வந்தீங்களா. போடியில இருந்து. ஏலக்காய் யாவாரம்னு சொல்றீங்க. கையக் கொஞ்சம் நீட்டுங்க, மோந்து பாக்குறேன். சிரிக்காதீங்க. யாவாரின்னு சொல்லிட்டு இந்த வாசலுக்கு எத்தன பேரு வந்திருக்கான்னு உங்களுக்குத் தெரியாது. ம், வாசம் வருது. நம்புறேன்.

யாரு வீட்டுப் பையன்?

மொக்கராசு மகனா.

சரி. அந்த ஸ்டூல இழுத்து நிழல்ல போட்டு உக்காருங்கண்ணே. பொண்ணப் பெத்த தகப்பன வெயில்ல நிக்க வைக்கக் கூடாது. உங்களுக்கு நல்ல நேரம்னு வச்சுக்கங்க. அவனப் பத்திச் சொல்றதுக்கு இந்தத் தாலுகாவுல என்னைய விட்டா ஆள் கெடையாது. அவன் ஊரும் என் ஊரும் ஒரு கண்மாய்க்கு அந்தக் கரை இந்தக் கரை. ரெண்டு பேரும் ஒரே போர்ஸுல இருந்தோம், ஒரே கேம்புல கெடந்தோம், ஒரே அண்டாவுல இருந்து டீ குடிச்சோம். பையனப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. மதுரையில வேலை பாக்குறான், மட்டு மரியாதையான பையன்னு சொல்றாங்க. தெரியாததப் பேச மாட்டேன். ஆனா உங்க பொண்ணு வாழப் போறது அந்த வீட்டுல. அந்த வீட்டுல மாமனாருன்னு ஒருத்தன் உக்காந்திருப்பான்ல, அவனப் பத்திச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

எந்த போர்ஸுன்னு கேக்காதீங்க. இன்னும் பென்சன் வருது, எதுக்கு வம்பு. இந்தக் கதையில வர்ற ரைபிள் பேரும் சொல்ல மாட்டேன். நாடு பூரா தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச ரைபிள்தான்.

அதுக்கு முந்தி எங்ககிட்ட இருந்தது பழைய ரைபிளு. ஒலக்கைக் கனம். ஆனா முரட்டுச் சாமான். அதோட மேகசின், மேகசின்னா தோட்டாவ அடைச்சுத் துப்பாக்கிக்கு அடியில மாட்டுற டப்பாண்ணே, அதுவும் இரும்பு. ட்ரெய்னிங்ல எங்களுக்கு ஒரு உஸ்தாத். வாத்தியார அங்க உஸ்தாத்ம்பாங்க. ஹரியானாக்காரரு, மீசை ரெண்டு பக்கமும் காதத் தொடும். அவரு மொத நாளே சொல்லிக்குடுத்தாரு: மேகசின மாட்டுறதுக்கு முந்தி பூட்ஸ் குதிகால்ல மூணு தட்டுத் தட்டணும். டக், டக், டக். உள்ள கெடக்குற தோட்டாவெல்லாம் ஒழுங்கா வரிசையில உக்காந்துக்கும். தட்டாம மாட்டுனவன் முதுகுல அவரு தட்டுவாரு. அப்ப பிடிச்ச பழக்கம் இன்னைக்கு வரைக்கும் போகல. இந்த டார்ச் லைட்டக் கூட செவுத்துல ஒரு தட்டுத் தட்டிட்டுத்தான் பொத்தான அமுக்குவேன். போன மாசம் ரெண்டு டார்ச்சு போச்சு. இந்த மில்லுல வாங்கித் தர்றது அம்புட்டும் மட்டச் சரக்கு, யாரோ கமிஷன் அடிக்கிறான்.

ஏய் லாரி, ஓரமாப் போடுப்பா. வாசல மறைக்காத. யாரு வண்டி இது, நம்பர் தெரியாம சேத்த அப்பி வச்சிருக்கான். இருங்கண்ணே, பாத்துட்டு வந்துர்றேன்.

சரி, நம்ம வண்டிதான். எங்க விட்டேன்? ஆங், புது ரைபிளு.

அப்ப நாங்க வடக்க ஒரு மலையில இருந்தோம். பனின்னா உங்க போடி மெட்டுப் பனி இல்ல. டீ டம்ளரக் கீழ வச்சுட்டு பூட்ஸ் கயிறக் கட்டி நிமிந்தா டீ ஆறி ஏடு கட்டியிருக்கும். மூச்சு விட்டா மீசையில உப்புப் பூத்த மாதிரி நிக்கும். அங்கதான் புது ரைபிள் வந்து எறங்குச்சு. நம்ம நாட்டுலயே செஞ்சது. லேசா இருந்துச்சு. பளபளன்னு, பாக்கவே அழகு. மேகசின் பிளாஸ்டிக்கு. உள்ள எம்புட்டு தோட்டா மிச்சம் இருக்குன்னு வெளியில இருந்தே தெரியும். எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எங்க ஆளுக வாங்குன அன்னைக்கே மொனங்க ஆரம்பிச்சானுக, அது சரியில்ல, இது சரியில்லன்னு. நான் ஒரு வார்த்தை சொல்லலண்ணே. துப்பாக்கி தானா ஒண்ணும் பண்ணாது. மனுஷன்தான் பண்ணுவான். ராக்கெட் விடுற நாட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா செய்யத் தெரியாதா?

துப்பாக்கிகளப் பூட்டி வைக்கிற ரூம எங்க பாஷையில கோத்தும்பாங்க. அந்தக் கோத்துக்கு மொக்கராசுதான் பொறுப்பு. ஆர்மரர் வேலை. ரிப்பேர் பாக்குறது, எண்ணெய் போடுறது, காலையில எடுத்துக் குடுக்குறது, சாயந்தரம் வாங்கி வைக்கிறது எல்லாம் அவன்தான். என் உசுரே அவன் கையிலன்னு வச்சுக்கங்களேன். பக்கத்தூருக்காரன், என்னைய விட வயசுல எளையவன், தவசிண்ணே தவசிண்ணேன்னு கொழைவான். அம்புட்டு கொழைஞ்சாலே எனக்கு ஒரு யோசனை வந்துரும்.

மொத நாள் ரேஞ்சுல, அதான் சுட்டுப் பழகுற மைதானத்துல, சுடுறேன். ரெண்டாவது ரவுண்டுலயே எண்ணெய் பின்னாடி பீச்சி நேரா என் கண்ணுல அடிச்சுது. மொளகாப் பொடி விழுந்த மாதிரி எரியுது. கண்ணக் கழுவிட்டு நேரா கோத்துக்குத்தான் போனேன். என்னடா எண்ணெய் இதுன்னு கேட்டேன். அவன் சொல்றான், "இந்த ரைபிளு அப்படித்தான்ணே எல்லாருக்கும் தெறிக்குது, கொஞ்சமாப் போடுங்க, நான் போட்டதே போதும்"ன்னு.

இப்ப நீங்க என்ன கேக்குறீங்க? மத்தவங்களுக்கும் தெறிச்சுச்சான்னா? தெறிச்சுச்சு. பாதிப் பேரு கண்ணு செவந்துதான் திரிஞ்சானுக. அப்ப துப்பாக்கியிலதான் கோளாறுன்னு சொல்ல வர்றீங்க. அங்கதான் நீங்க ஏமாந்துட்டீங்க. எல்லாருக்கும் துப்பாக்கிய எடுத்துக் குடுக்குறது யாரு? அவன்தானே. எனக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாத் தெறிக்கும், அது வேற. அவன் போட்ட எண்ணெய நம்பாம நானும் மேல ஒரு கை ஊத்திக்குவேன். நம்ம பாதுகாப்ப நாமதானே பாத்துக்கணும்.

அடுத்து அந்தத் திருகு. குழாய்க்கு முன்னாடி சின்னதா ஒரு திருகு இருக்கும்ணே. தோட்டா வெடிச்ச காத்து அது வழியாப் போயித்தான் அடுத்த தோட்டாவ உள்ள தள்ளும். அது தப்பான பக்கம் திரும்பிருச்சுன்னா காத்து அடைஞ்சு போகும். ஒவ்வொரு தடவையும் நாமளே கையால இழுத்து இழுத்துச் சுடணும். கெணத்துல தண்ணி எறைக்கிற கதைதான். எனக்கு அது அடிக்கடி திரும்பிக் கெடந்துச்சு. கேட்டா, "தொடைக்கும்போது கை பட்டாலே திரும்பிருதுண்ணே, நான் மேல எழுதிப் போட்டிருக்கேன்"ங்குறான். கை பட்டாத் திரும்புற மாதிரி ஒரு சாமான இஞ்சினியருக செய்வாங்களா? நீங்களே சொல்லுங்க. ராத்திரி கோத்துச் சாவி யாரு இடுப்புல தொங்குது?

தவறி வெடிச்சுறாம இருக்கப் போடுற சேப்டி லீவர் வேற. கம்பளிக் கையுறை போட்ட விரலுக்கு அது நகரவே நகராது. நகந்துச்சுன்னா டக்குன்னு ஊருக்கே கேக்குற சத்தம். எல்லாருக்கும்தான். எல்லாருக்கும் எல்லாருக்கும்னு எத்தனைக்குத்தான் சமாதானம் சொல்லுவீங்க?

இதெல்லாம் கூடப் பரவால்லண்ணே. ஒரு நாள் நான் ரேஞ்சுக்குப் போக மேகசின வாங்கி, வழக்கம் போல பூட்ஸ்ல மூணு தட்டுத் தட்டுறேன். அவன் ஓடி வந்து என் கையப் பிடிச்சான். கையப் பிடிச்சுட்டான்ணே, அம்புட்டு பேரு முன்னாடி. "தட்டாதீங்க தவசிண்ணே. இது இரும்பு இல்ல. இந்தக் குளிருக்குப் பிளாஸ்டிக்கு அப்பளம் மாதிரி ஆகிப் போகுது. வாய் ஓரம் விரிசல் விட்டுரும்"ன்னு கெஞ்சுறான்.

எனக்குப் பொறி தட்டுன மாதிரி ஆயிப் போச்சு. உஸ்தாத் எதுக்குத் தட்டச் சொன்னாரு? தோட்டா ஒழுங்கா உக்காரத்தான். தட்டாம மாட்டுனா என்ன ஆகும்? தோட்டா சிக்கும். அப்ப தட்டாதேன்னு ஒருத்தன் கையப் பிடிச்சுக் கெஞ்சுனா, நம்ம துப்பாக்கி சிக்கணும்னு அவன் ஆசைப்படுறான்னுதானே அர்த்தம்? அன்னையில இருந்து நான் மூணு தட்டுறத ஆறாத் தட்டுனேன். அவன் பாக்குற எடத்துல நின்னு தட்டுனேன். என் செக்‌ஷன்ல இருந்த எளவட்டங்களுக்கும் சொல்லிக்குடுத்தேன், எவன் சொன்னாலும் தட்டுறத விடாதீங்கடான்னு. அந்த மாசம் பூரா எங்க செக்‌ஷன்லதான் மேகசின் அதிகமா ஒடைஞ்சுது. பாத்துக்கங்க, எங்க செக்‌ஷன்னாலே அவனுக்கு ஆகாது.

எதுக்கு அவனுக்கு எம்மேல அம்புட்டு காட்டம்னு கேக்குறீங்களா. பொறாமைதான். அந்தக் குளிர்காலம் முடியிறப்ப எனக்கு ஹவில்தார் பரீட்சை இருந்துச்சு. சுடுறதுல பாஸானாத்தான் ஹவில்தாரு. வீட்டுல எம் பொண்டாட்டி மொதப் பிள்ளைய வயித்துல சுமந்துக்கிட்டு இருக்கா. இன்னொரு பதவிப் பட்டி தோள்ல ஏறுச்சுன்னா மாமனார் வீட்டுல தல நிமிந்து நிக்கலாம். அவனுக்கும் அந்த வருஷம் ப்ரமோஷன் லிஸ்டுல பேரு இருந்துச்சு. ஒரே கண்மாய்ப் பாசனத்துல ரெண்டு பேரு பெரிய ஆளாகுறத எவன் பொறுப்பான்? நான் பொறுத்திருப்பேன், அது வேற விஷயம்.

அதுக்கப்புறம் நான் அவனக் கண்காணிக்க ஆரம்பிச்சேன். சும்மா இருக்குற நேரமெல்லாம் கோத்து வாசல்ல போயி வெயில் காயிற மாதிரி உக்காந்துக்குவேன். என்னத்தப் பாத்தேன்? மேசைக்கு அடியில ஒரு மரப்பெட்டி. மேல சாக்குப் போட்டு மூடியிருக்கு. சாயந்தரம் மேகசின்கள வாங்குறான், ஒண்ணொண்ணா வெளிச்சத்துல தூக்கித் திருப்பித் திருப்பிப் பாக்குறான், சிலத மட்டும் தனியா எடுத்து அந்தப் பெட்டிக்குள்ள போட்டுச் சாக்க மூடுறான். எதுக்கு மூடணும்? என்னடா அதுன்னு கேட்டேன். "வாய் ஓரத்துல விரிசல் விட்டதுண்ணே. திருப்பி அனுப்பணும்"ன்னான். நானும் ஒருநா அவன் டீக்குப் போனப்ப சாக்க வெலக்கிப் பாத்தேன். விரிசலும் இல்ல, மண்ணும் இல்ல. எல்லாம் புதுசு மாதிரி கெடக்கு. முக்கியமான விஷயம் என்னன்னா, ஒவ்வொண்ணுலயும் சிவப்புப் பெயிண்டுல அழகா ஒரு பொட்டு வச்சிருக்கான்.

நீங்களே யோசிங்கண்ணே. ஆயுத பூஜைக்கு நாம எதுக்குப் பொட்டு வைப்போம்? நல்லா ஓடுற வண்டிக்கு வைப்போம், நல்லா அறுக்குற அருவாளுக்கு வைப்போம். ஓட்ட ஒடசலுக்கு எவனாவது பொட்டு வைப்பானா? எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. நல்ல மேகசினெல்லாம் பொட்டு வச்சு ஒளிச்சு வச்சிருக்கான். வேண்டியவனுக்குக் குடுக்க.

பரீட்சை அன்னைக்குக் காலையில வரிசையில நிக்கிறேன். என் முறை வந்தது. மொக்கராசு என்ன பண்ணுனான் தெரியுமா? அடுப்புக்குப் பக்கத்துல இருந்து ஒரு கம்பளிக் குல்லாய எடுத்தான். அதுக்குள்ள இருந்து ஒரு மேகசின உருவி என் கையில குடுத்தான். வெதுவெதுன்னு இருக்கு. "உங்களுக்குன்னே எடுத்து வச்சதுண்ணே. குளிர் படாமப் பாத்துக்கிட்டேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் தட்டாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்"ன்னான்.

எனக்குன்னே எடுத்து வச்சானாம். அம்புட்டு பேரு இருக்கான், எனக்கு மட்டும் என்ன தனியா? அதுவும் குல்லாய்க்குள்ள சுத்தி? சரிடா தம்பின்னு சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டேன். அவன் அடுத்த ஆளுக்கு ரைபிள எடுக்கத் திரும்புனான் பாருங்க, அந்த நேரத்துல குல்லாய் மேகசினப் பொதுக் குவியல்ல வச்சுட்டு, குனிஞ்சு சாக்குக்கு அடியில கைய விட்டுப் பொட்டு வச்சதுல ஒண்ண எடுத்துக்கிட்டேன். யாரும் பாக்கல. நம்ம மூளை அப்படி.

ரேஞ்சுல போயிப் படுத்தேன். படுக்குறதுக்கு முந்தி குதிகால்ல ஓங்கித் தட்டுனேன், அன்னைக்குத் தட்டுன மாதிரி என்னைக்குமே தட்டுனதில்ல. மொத ரெண்டு மூணு ரவுண்டு நேரா குறியில போயி விழுந்துச்சு. பாஸு, ஹவில்தாருன்னு மனசுல நெனைக்கிறேன், க்ளிக்குங்குது. இழுத்தா வரல. ரெண்டு தோட்டா ஒண்ணா எந்திரிச்சு வாயில சிக்கிக்கிட்டு நிக்குது. மேகசின உருவிப் பாத்தா, வாய் ஓரத்துல ஒரு பக்கம் பேந்து காணோம். நேரம் ஓடுது. பக்கத்துல இருக்குறவனெல்லாம் பட்டு பட்டுன்னு சுடுறான். நான் கட்ட விரலால நோண்டிக்கிட்டுக் கெடக்கேன். விசில் ஊதிட்டாங்க.

அழுதுட்டேன்ணே. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. அந்தப் பனியில குப்புறக் கெடந்து அழுதேன். அந்தக் குல்லாய் மேகசின எடுத்துக்கிட்டுப் போன ஒடிசாக்காரப் பயலு ஒண்ணு விடாம குறியில அடிச்சான். அவனுக்கு அதிர்ஷ்டம்.

விசாரணை வச்சாங்க. பெரிய அதிகாரி ஒருத்தர், அவரு முன்னாடி நான் ஒரு பக்கம், மொக்கராசு ஒரு பக்கம். மேசை மேல அந்த மேகசின் கெடக்கு. அந்த அதிகாரிக்கு ரைபிளக் கொற சொன்னா ஆகாது. எவனாவது இந்த டப்பா குளிர் தாங்கலன்னு ஆரம்பிச்சா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன மாதிரிப் பேசாதீங்கன்னு ஏசுவாரு. எனக்கு அவரு மேல ரொம்ப மரியாதை. அவரு கேட்டாரு, திருப்பி அனுப்ப ஒதுக்கி வச்ச மேகசின் எப்படி ரேஞ்சுக்கு வந்துச்சுன்னு.

நான் கோத்துல இருந்து வந்துச்சு சாப்னு சொன்னேன். பொய்யா? கோத்துல இருந்துதானே வந்துச்சு. நானா எடுத்தேன்னு அவரு கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. கோத்துக்குள்ள இருந்து கேக்காம ஒரு திருகாணிய எடுத்தாலே அன்னைக்கே பெட்டியக் கட்டி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பிள்ளைத்தாச்சிய வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?

அப்புறம் அவனக் கேட்டாங்க. மொக்கராசு என்னைய ஒரு பார்வை பாத்தான். நல்லா நேராப் பாத்தான். அப்புறம் அதிகாரியப் பாத்து, "நான்தான் சாப் மாத்திக் குடுத்துட்டேன். என் கவனக்கொறைவு"ன்னான்.

கேட்டீங்களா? அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான். இதுக்கு மேல என்ன வேணும்?

இருங்க, இருங்க. எடுத்தது நீங்கதானே, அவன் குடுக்கலையேன்னு பாக்குறீங்க. புரியுது. நானும் அத ரொம்ப நாள் யோசிச்சேன். நான் எடுத்தது எனக்குத் தெரியும். அவன் குடுக்கலன்னு அவனுக்குத் தெரியும். அப்படி இருந்தும் குடுத்தேன்னு ஏன் சொன்னான்? யோசிச்சு யோசிச்சுத்தான் புடிச்சேன். நான் எடுக்கணும்னேதான் பொட்டு வச்சு, பெட்டியில போட்டு, சாக்கு போட்டு மூடி, என் கண்ணுல படுற எடத்துல வச்சிருக்கான். ஒளிச்சு வச்சா நான் தேடுவேன்னு அவனுக்குத் தெரியும். அப்ப அவன் குடுத்த மாதிரிதானே? அந்த ஒரு விஷயத்துல அவன் உண்மையச் சொல்லிட்டான்.

அவன் பேர லிஸ்டுல இருந்து அடிச்சுட்டாங்க. வேற எடத்துக்கு மாத்தியும் விட்டாங்க. கடைசி வரைக்கும் அதே பட்டியோடதான் வீட்டுக்கு வந்தான். நான் மறு வருஷம் பரீட்சை எழுதி முறையா ஹவில்தார் ஆனேன். ஆறு தட்டுத் தட்டுனேன், ஒண்ணும் ஆகல. அதுக்குள்ள மேகசினையும் மாத்தி இரும்புலயே அனுப்பி வச்சுட்டாங்க, அது தனி. அவன் போனான், பிரச்சனையும் போச்சு. இத விடச் சாட்சி என்னண்ணே வேணும்?

இன்னும் கேளுங்க. மாத்தலாகிப் போற வழியில லீவுல ஊருக்கு வந்திருக்கான். எனக்கு லீவு கெடைக்கல. எம் பொண்ணு பொறந்து ஒரு வாரம் கூட ஆகல. இவன் நேரா எங்க வீட்டுக்குப் போயிருக்கான். பிள்ளைக்கு அந்த மலைக் கம்பளியில ஒரு சொட்டர். எம் பொண்டாட்டிகிட்ட என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? "அண்ணன் நல்லாத்தான் மதினி சுட்டாரு. என் தப்புனால போச்சு. அடுத்த வருஷம் கண்டிப்பா ஆயிருவாரு, நீங்க வெசனப்படாதீங்க"ன்னு. அதோட விடல. பிள்ளைக்கு மஞ்சக் காமாலைன்னு டாக்டர் மதுரைக்கு எழுதிக் குடுத்தப்ப ஜீப்புப் பிடிச்சு இவகளக் கூட்டிட்டுப் போயி, பெரியாஸ்பத்திரி வராந்தாவுல துண்ட விரிச்சுப் படுத்துக் கெடந்திருக்கான், லீவு முடியிற வரைக்கும். பெத்த தாயப் பாக்கக் கூட ஒரு நாளுதான் போனானாம்.

எதுக்கு? நான் கேக்குறேன், எதுக்கு? குத்தம் செஞ்சவன்தானே இப்படி விழுந்து விழுந்து செய்வான்? இத எம் பொண்டாட்டிகிட்டச் சொன்னா ஒரு வாரத்துக்கு எனக்கு ஒழுங்காச் சோறு கெடைக்காது. அவ இன்னைக்கும் அவன் கட்சி. எம் பொண்ணும் அப்படித்தான், கல்யாணம் கட்டிப் போன பொறவும் ஊருக்கு வந்தா மொத அவன் வீட்டுக்குப் போயிட்டுத்தான் எங்க வீட்டுக்கு வரும். நான் அவன்கூடப் பேசுறதில்ல. கண்மாய்க் கரையில எதுத்தாப்ல வந்தா நான் அந்தப் பக்கம் பாப்பேன். அவன் நின்னு, "சாப்பிட்டீங்களாண்ணே"ம்பான். நான் நடைய எட்டிப் போட்டுருவேன். மறுநாளும் கேப்பான். எம்புட்டு அழுத்தம் பாருங்க.

என்ன எந்திரிச்சுட்டீங்க? பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. ஏண்ணே, உங்க கண்ணு ஏன் இப்படி இருக்கு? மில்லுப் பஞ்சு, ஆமா, புதுசா வர்றவங்களுக்கு ஒத்துக்காது. மொகத்தத் தொடச்சுக்கங்க.

சரி, முடிவா என்ன நெனைக்கிறீங்க? இம்புட்டுச் சொல்லியிருக்கேன், சம்பந்தம் வேணாம்னுதானே?

என்னது? தேதி குறிக்கப் போறீங்களா?

நான் அப்பவே நெனச்சேன். டீக்கடையில நின்ன தோரணையப் பாத்தப்பவே நெனச்சேன். நீங்க அவன் ஆளு. உண்மையச் சொல்லுங்க, யாரு உங்கள என்கிட்ட அனுப்புனது?

மொக்கராசா?

அவனேவா? என்ன சொல்லி அனுப்புனான்? அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை மாத்தாமச் சொல்லுங்க.

"எங்களப் பத்தி நல்லது சொல்ல ஊருல நெறையப் பேரு இருக்காங்க. கெட்டது சொல்ல ஒரே ஒருத்தருதான் இருக்காரு. அவருகிட்டயும் போயிக் கேட்டுட்டு வாங்க. அவரு மறைக்காமச் சொல்லுவாரு"ன்னா சொன்னான்?

அப்படியா சொன்னான்.

இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தத் தண்ணிப் பாட்டில எடுங்க. இதுல என்னமோ இருக்குண்ணே. ஒருத்தன் தன் மகன் கல்யாணத்த, தன்னையப் பிடிக்காதவன் கையில கொண்டாந்து குடுப்பானா? எதுக்குக் குடுக்குறான்? எனக்கு இது பிடிபடல. வேற எதுவும் சொல்லலையா? சிரிச்சானா? சிரிக்கலையா. சும்மா சொன்னானா.

ம். கேளுங்க. என்ன கேக்கணும் இன்னும்?

எம் பொண்ணா இருந்தா அந்த வீட்டுக்குக் குடுப்பேனான்னா?

இது என்ன கேள்வி. எம் பொண்ணுக்குத்தான் ஆயிப் போச்சே. அது திருப்பூர்ல இருக்கு, ரெண்டு பிள்ளைக. அந்தப் பேச்சே இப்ப எதுக்கு. ஏய், லாரிக்காரரே, சீட்டுப் போட்டாச்சுல்ல, எடுங்க வண்டிய. கேட்டத் தொறந்துதான் வச்சிருக்கேன்.

நீங்க போகலையா இன்னும். பதில் சொல்லாம விட மாட்டீங்க போல.

குடுப்பேன்.

குடுப்பேன்ணே. யோசிக்காமக் குடுப்பேன். மதுரையில அந்த வராந்தாவுல அவன் கெடந்த கெடையப் பத்தி இவ அழுதுக்கிட்டே சொன்னது எனக்கு மறக்கல. பொண்ணப் பெத்தவன் வந்து மொகத்தப் பாத்துக் கேக்குறப்ப எனக்குப் பொய் சொல்ல வரல. அந்த வீட்டுல உங்க பொண்ணு ஒரு நாளும் கண் கலங்காது. போயி நல்லபடியாத் தேதியக் குறிங்க.

ஆனா ஒண்ணு. நான் இப்படிச் சொன்னேன்னு மட்டும் அவன்கிட்ட மூச்சு விட்டுராதீங்க. இத்தன வருஷம் பேசாதவன் திடீர்னு எதுக்கு நல்லது சொல்றான்னு சந்தேகப்படுவான்.